ஒரு சாண் தண்ணீர்

வெள்ளைக்கல் தீவு,
ஜேம்ஸ் விரிகுடா.
1957 பிப்ரவரி 3

அன்பு மகள் ஹேரியட்டுக்கு,

உன் அப்பா சாம்சன் எழுதுவது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தபால் விமானம் ஓட்டுகிறவனிடம், "என் கடிதத்தை வழியில எங்கயாவது போட்டுட்டியாப்பா?" என்று கேட்டேன். "போடலைங்க. உங்க கையெழுத்தைப் பாத்துட்டு ஆஸ்பத்திரியில டாக்டர் சீட்டுன்னு மருந்து கட்டிக் குடுத்திருப்பாங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மிஷன் பள்ளியில் நான் படித்தது நாலு வருடம். அதில் கடைசி வருடம் முழுக்க விறகு பிளந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் ரொட்டியை நாய்க்குப் போட்டேன். அது கவ்விக்கொண்டு போய்ப் பனியைத் தோண்டிப் புதைத்துவிட்டு, திரும்பி வந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. உன் மாமா ஐசக் இருக்கிறாரே, "மாப்ளே, இன்னொண்ணு சுடு. என் படகுக்கு நங்கூரம் இல்ல" என்கிறார்.

உன் அம்மாவின் கல்லறைமேல் பனி இடுப்பு உயரம் கிடக்கிறது. சிலுவையின் தலை மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்த் தள்ளிவிடுகிறேன். திங்கட்கிழமை மூடிவிடுகிறது.

கோடையில் வருவாயா? வந்தால் நல்ல ரொட்டி இருக்கும். எனக்குச் சுட வராவிட்டால் உன் அத்தையிடம் வாங்கி வைத்து நான் சுட்டதாகச் சொல்வேன்.

உன் அப்பா,
சாம்சன்

*

மருத்துவமனைச் சலவைக்கூடம்,
தெற்கு.
1957 மார்ச் 10

அப்பாவுக்கு,

மூன்று கடிதமும் வந்தன. மூன்றிலும் வேடிக்கை இருந்தது. அதனால்தான் பதில் எழுதவில்லை.

உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன். அக்டோபர் பதினெட்டாம் தேதி நான் தீவுக்கு எதிர்க்கரையில், ஆற்றுமுகத்துத் துறையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு வயிற்றுவலி, தோணியில் கொண்டுவருகிறீர்கள் என்று ரேடியோவில் தகவல் வந்தது. "குடல்வால் பழுத்திருக்கும், இன்னைக்கே தெக்க கொண்டு போகணும்" என்றார் நர்ஸம்மா. விமானம் துறைத் தண்ணீரில் தயாராக மிதந்தது. நீங்கள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டீர்கள். ஒன்றரை மணி நேர வழி. நான் விமானியிடம் கெஞ்சிக் கெஞ்சி நிறுத்தி வைத்தேன். நாலரை மணிக்கு அவர், "இருட்டினா மேல ஏற முடியாதும்மா, மன்னிச்சுக்கோ" என்று போய்விட்டார். நீங்கள் வந்தது ஆறு மணிக்கு. விடியும்முன் அம்மா போய்விட்டாள்.

அடக்கத்தன்று மாமா என்னிடம் அழுதார். "கரையை ஒட்டின உள்வழியில தோணி தரை தட்டி நின்னத பாத்தேன் தாயி. நான் முனையிலதான் வாத்துக்குக் காத்திருந்தேன். உங்கப்பன் சிரிச்ச சத்தம் சேத்துக்கு மேல அவ்வளவு தெளிவா கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டு இருக்காங்களே, தண்ணி ஏறட்டும்னு சும்மா உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அம்மா செத்துக்கொண்டிருந்தாள், நீங்கள் சிரித்தீர்கள். ஏன் என்று அன்றே உங்களைக் கேட்டேன். நீங்கள் எழுந்து போய் நாய்களுக்கு மீன் வைத்தீர்கள்.

அந்த ஆறு மணி நேரம் தோணியில் என்ன நடந்தது? அதை எழுதுங்கள். எழுதும்வரை நான் வரமாட்டேன். உங்கள் ரொட்டிக்காகவும் வரமாட்டேன்.

ஹேரியட்

*

வெள்ளைக்கல் தீவு.
1957 மே 12

அன்பு மகளுக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். வாத்துகள் வந்துவிட்டன. வாத்து வந்தால் எழுத்து எங்கே ஓடும்? இரண்டு வாரம் போயிற்று. இப்போது வாத்தும் போய்விட்டது, சாக்கும் போய்விட்டது.

முதலில் ஊர்ச் செய்தி. தீவைக் காலி செய்யப்போகிறார்கள். போன கோடையில் சரக்குக் கப்பல் இரண்டு மைல் தள்ளியே நின்றுவிட்டது அல்லவா, மாவு மூட்டையைச் சேற்றில் இழுத்து வந்தோமே, அதிலிருந்தே பேச்சு. கடை, கோயில், வீடுகள் எல்லாம் ஆற்றுமுகத்துக்கு. கூட்டத்தில் ஐசக் எழுந்து, "நாம ஊரை விட்டுப் போகல. கடல்தான் நம்மள விட்டுட்டுப் போகுது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அவர் சொன்னது சரிதான். என் அப்பா வாத்து சுட்ட சேற்றில் இப்போது முயலுக்குக் கண்ணி வைக்கிறோம். நான் சின்னப் பையனாக மீன் பிடித்த இடம் வெறும் சேறாக இருந்தது, அப்புறம் உமரிப் பூண்டு முளைத்தது, இப்போது கோரை நிற்கிறது. கோரை நின்ற இடத்தில் குட்டைப் புதர். குளிர்காலத்துப் பனிக்கட்டி தன் பங்குக்கு எங்கிருந்தோ பாறைகளைச் சுமந்து வந்து நடுச்சேற்றில் இறக்கிவிட்டுப் போகிறது. சேறு நகர்கிறது, ஓடை இடம் மாறுகிறது. ஐம்பது வருடமாக இதையெல்லாம் இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டே, "நிலம் எங்கயாவது வளருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் எழுத வேண்டுமா?

இறங்குதுறைப் பாறையில் உன் அம்மா கீறிய கோடு உனக்குத் தெரியும். நீ பிறந்த வருடம், இலையுதிர் காலத்துப் பெரிய கடலேற்றம் தொட்ட இடத்தில், உன்னை முதுகில் கட்டிக்கொண்டு போய் ஆணியால் கீறினாள். என்னோடு பந்தயம். வருடா வருடம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவாள். "பாரு, தண்ணி கோட்டுக்குக் கீழ நின்னுடுச்சு. நிலம் ஏறுது" என்பாள். "நிலம் ஏறல ஜெமைமா, நீ குள்ளமாயிட்டு வர்ற" என்பேன்.

போன மாதம் கோட்டுக்கும் ஏற்றத்து ஈரத்துக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். அளக்காத நாள் இல்லை.

கல்லறைகளை என்ன செய்வது என்று இன்னும் யாரும் பேசவில்லை. நான் இந்தக் குளிர்காலமும் தீவில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

பதிலை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சாம்சன்

*

தெற்கு.
1957 ஜூன் 30

அப்பாவுக்கு,

இங்கே ஒரு நோயாளி இருக்கிறார். கால் உடைந்த நில அளவைக்காரர். வடக்கே கரையோரம் அளக்கப் போய், பாறையில் வழுக்கிவிட்டதாம். போர்வை மாற்றப் போகும்போது என்னிடம் பேசுவார். அம்மாவின் கோட்டைப் பற்றிச் சொன்னேன். படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எத்தனை வருஷத்துக்கு ஒரு சாண்?" என்றார். இருபத்திரண்டு என்றேன். "உங்கம்மா படிச்சவங்களா?" என்றார். இல்லை என்றேன். "எங்க ஆளுங்க கருவி வச்சு கண்டுபிடிச்சதும் அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது இது. வெகு காலத்துக்கு முன்னால் நம் நாடு முழுக்க மலை உயரத்துக்குப் பனிக்கட்டி கிடந்ததாம். அந்தப் பாரத்தில் நிலம் அமுங்கிப் போனதாம். பனி உருகி ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகியும் நிலம் இன்னும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறதாம். ஆள் எழுந்து போன பிறகு மெத்தை உப்பி வருவது போல. நம் கடற்கரை மொத்தமும் தட்டையான சேறு. அதனால் நிலம் ஒரு விரல் ஏறினாலே கடல் நூறு தப்படி விலகிப் போகிறதாம்.

அம்மா சொன்னது சரி.

பாரம் ஏற்றிய நம் தோணி எவ்வளவு தண்ணீரில் அமிழும்? ஒரு சாண். நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். உங்கள் அப்பா காலத்தில் அந்த ஒரு சாண் தண்ணீர் உள்வழியில் இருந்தது.

இதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. நிலத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கேட்டது வேறு. நீங்கள் எனக்குச் சேறு, கோரை, பாறை எல்லாம் எழுதிவிட்டீர்கள். தோணிக்குள் மட்டும் வரவில்லை.

ஹேரியட்

*

வெள்ளைக்கல் தீவு.
1957 ஆகஸ்ட் 4

அன்பு மகளுக்கு,

உன் அளவைக்காரர் கெட்டிக்காரர். ஆனால் மெத்தையைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

எங்கள் மெத்தை வாத்து இறகு. உன் அம்மா தினமும் காலையில் உதறித் தட்டிப் போடுவாள். அந்த அக்டோபர் காலையில் அவளுக்கு உதறத் தெம்பில்லை. அப்படியே எழுந்து வந்தாள். சுவர்ப்பக்கம் அவள் படுத்த பள்ளம் இருந்தது. நான் அதை உதறவே இல்லை. என் பக்கத்திலேயே, கதவோரமாக, பாதி உடம்பு வெளியே தொங்கப் படுத்தேன். மூன்று முறை கீழே விழுந்திருக்கிறேன். சிரித்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்குள் பள்ளம் பாதி ஆகிவிட்டது. வாத்துகள் வந்தபோது கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போது இல்லை. சமமாகிவிட்டது.

நிலத்துக்கு ஆயிரக்கணக்கான வருடம் ஞாபகம் இருக்கிறது. என் மெத்தைக்கு எட்டு மாதம்கூட இல்லை.

நீ கேட்டதை எழுத இன்று முடியவில்லை.

அப்பா

*

தெற்கு.
1957 ஆகஸ்ட் 25

அப்பாவுக்கு,

மெத்தையைப் பற்றிப் படித்துவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். உடன் வேலை செய்பவள் வந்து, "என்னடி, கண்ணுல சோப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆனாலும் நான் கேட்டது கேட்டதுதான். ஆறு மணி நேரம்.

ஹேரியட்

*

வெள்ளைக்கல் தீவு.
1957 செப்டம்பர் 22

ஹேரியட்,

இதை மூன்று முறை எழுதி அடுப்பில் போட்டேன். அடுப்புக்கு எல்லாம் தெரியும். இனி உனக்கும் தெரியட்டும்.

புறப்படும்போதே அம்மா சொன்னாள். "வெளிவழியா போயிரலாம். உள்வழி மேடாயிருச்சு."

"வெளிவழின்னா அரை மணி கூட ஆகும். எங்கப்பா கடல் பாதி வத்தின நேரத்துலயும் கண்ணை மூடிக்கிட்டுப் போன வழி இது."

"உங்கப்பா செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நிலம் சும்மாவா கிடந்துச்சு?"

"நிலம் வளர்ந்திருந்தா அதுமேல நிக்கிற நீயும் கொஞ்சம் உசந்திருப்பியே!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் உள்வழியில் திருப்பினேன்.

நடுவில் தட்டியது. மோட்டார் சேற்றைக் கலக்கியது, அவ்வளவுதான். இறங்கித் தள்ளினேன். பெயர் சாம்சன், வேதத்துப் பலசாலி. தோணி ஒரு விரல்கூட நகரவில்லை, நான்தான் இடுப்பு வரைக்கும் இறங்கினேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

இப்போது கேள். அரை மைலில் முனை. அங்கே ஐசக்கின் அடுப்புப் புகை தெரிந்தது. அவரிடம் சின்னத் தோணி இருந்தது. காகிதம் மாதிரி மிதக்கும். அது வந்து போக இன்னும் அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் இருந்தது. என் காலடியில் துப்பாக்கி இருந்தது. இரண்டு வெடி, மூச்சு விட்டு மறுபடி இரண்டு வெடி வைத்தால் "வா" என்று அர்த்தம். இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை.

"வெடி வை. அண்ணன் வந்துரும்" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வச்சா, சாம்சன் உள்வழியில மாட்டிக்கிட்டான்னு குளிர்காலம் பூரா சிரிப்பாரு. கொஞ்சம் பொறு, தள்ளிருவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். இருபத்தேழு வருடம் என்னோடு இருந்தவள். மறுபடி கேட்கவில்லை. ஒருமுறை கேட்டிருந்தால் வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அது அவள்மேல் பழி போடுவது. அதனால் அந்த வரியை அடித்துவிடு.

அரை மணி நேரம் தள்ளினேன். பிறகு தண்ணீர் இல்லை. கண் போகும் தூரத்துக்குச் சேறு, வெயிலில் மீன் வயிறு மாதிரி பளபளத்தது. இனி தோணியும் வராது, ஆளும் நடக்க முடியாது. வெடி வைத்து என்ன பயன் என்று வைக்கவில்லை.

வலி கூடியது. "ஏதாவது பேசு. சிரிக்க வை. சும்மா இருந்தா வலி மட்டும்தான் கேக்குது" என்றாள். பேசினேன். எங்கள் கல்யாணத்தன்று நான் ஐசக்கின் பூட்ஸைக் கடன் வாங்கிப் போட்டு, கோயிலில் முழங்காலிட்டு எழுந்தபோது ஒரு பூட்ஸ் மட்டும் எழாமல் நின்ற கதை. பாதிரியார் அதற்கும் சேர்த்து ஆசீர்வாதம் சொன்ன கதை. அவள் சிரித்தாள். நான் சிரித்தேன். என் குரல் பெரிது, ஐசக்குக்கு அதுதான் கேட்டது. ஆனால் இரண்டு பேர் சிரித்தோம், ஹேரியட்.

நடுவில் ஒருமுறை தோணிக்கு வெளியே கையை நீட்டி, பக்கப்பலகையில் தண்ணீர் நின்ற கறைக்கும் சேற்றுக்கும் நடுவே விரலை விரித்து வைத்தாள். "ஒரு சாண். நீயே அளந்து பாரு" என்றாள். பந்தயத்தில் ஜெயித்த முகம்.

நாலாவது மணி நேரத்தில் அவள் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன கேட்குமோ என்று பயமாக இருந்தது. தண்ணீர் திரும்பி வந்து தோணி அசையும்வரை சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இதுதான் நடந்தது. இனி நீ வரமாட்டாய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அப்பா

*

தெற்கு.
1958 மார்ச் 16

அப்பா,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தினமும் மடிக்கிற போர்வைகளோடு அதையும் மனதுக்குள் மடித்துப் பார்க்கிறேன், மடிய மாட்டேன் என்கிறது.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ துப்பாக்கியைத் தொடாத அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் கையிலிருக்கும் போர்வையை ஓங்கி உதறுகிறேன்.

ஆனால் நானும் ஒன்று சொல்லவேண்டும். அன்று பகல் ஒரு மணிக்கு விமானி என்னிடம் கேட்டார், "ஏம்மா, இவ்வளவு லேட்டாகுதே. எதிர்ல ஒரு படகு அனுப்பிப் பாக்கலாமா?" என்று. நான் சொன்னேன்: "எங்கப்பாவுக்கு அந்தத் தண்ணி உள்ளங்கை மாதிரி. இப்ப வந்துருவாரு." பெருமையாகச் சொன்னேன். துறையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு மணிக்குப் படகு வந்திருந்தாலும் சேற்றுக்குள் வந்திருக்க முடியாது என்று அளவைக்காரர் சொல்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

உன் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாமாவிடம் நீ சொல்லவேண்டும். சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு ஏமாந்து தங்கையைச் சாகவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அழுததை நான் பார்த்தேன். எனக்கு எழுதியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு. வருகிறேன். என்னைச் சிரிக்க வைக்க முயற்சி செய்யாதே.

ஹேரியட்

*

வெள்ளைக்கல் தீவு.
1958 ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு,

நீ விமானம் ஏறி மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். செய்தி இருக்கிறது.

அதற்கு முன்னால், பத்து நாளும் நான் உன்னைச் சிரிக்க வைக்க முயற்சி செய்யவில்லை என்பதற்கு நீயே சாட்சி. துறையில் நான் வழுக்கி விழுந்தபோது நீ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாய். அது நான் வேண்டுமென்று விழுந்ததல்ல. வயது.

அம்மாவை எங்கும் தூக்கிப் போக வேண்டாம் என்று நீ சொன்னதைப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். சேறு இப்படியே ஏறினால் ஒரு நாள் ஆற்றுமுகத்திலிருந்து இங்கே நடந்தே வந்துவிடலாம். அன்றைக்கு நான் இருக்கமாட்டேன், நீயும் இருக்கமாட்டாய். பரவாயில்லை, அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

நீ போன மறுநாள் பாறைக்குப் போனேன். அம்மாவின் கோட்டுக்குக் கீழே புதுக் கோடு. என்னிடம் நீ சொல்லவே இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண், அதற்குமேல் ஒரு நகக்கண்.

கடைசி நாள் மத்தியானம் தலைவலி என்று எங்கள் மெத்தையில் சுவர்ப்பக்கம் படுத்துத் தூங்கினாயே. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. உதறவில்லை.

இப்போது செய்தி. ஆற்றுமுகத்தில் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வெளிவழியில்தான் வந்தேன். பாதியில் கை தானாகத் திரும்பியதா, நான் திருப்பினேனா, தெரியவில்லை. உள்வழிக்குள் போய்விட்டேன். கடல் வற்றும் நேரம். அதே இடத்தில் தட்டியது. அந்த இடத்தின் ஓரத்தில் இப்போது விரல் உயரத்துக்கு உமரி முளைத்திருக்கிறது.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. உடம்பில் வலியில்லை. தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். முனையில் ஐசக் வலை பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை எடுத்தேன். இரண்டு வெடி. மூச்சு விட்டேன். இரண்டு வெடி.

வலையை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம், ஹேரியட்.

பக்கத்தில் வந்ததும், "என்ன மாப்ளே, இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கியா?" என்று ஆரம்பித்தார். அப்புறம் எந்த இடம் என்று பார்த்தார். துடுப்பை நிறுத்தினார்.

சொன்னேன். நீ சொன்னபடி முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் வெடி வைக்கச் சொன்னதை. நான் என்ன சொல்லி வைக்காமல் இருந்தேன் என்பதை. "நீ ஏமாறல. நான்தான் கூப்பிடல" என்றேன்.

அவர் துடுப்பைச் சேற்றில் குத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தோணியும் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். சொல்லத் தைரியமில்லை.

கடைசியில், "நான் சிரிப்பேன்னா பயந்த?" என்றார்.

"ஆமா."

"சிரிச்சிருப்பேன்" என்றார். கண்ணிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "குளிர்காலம் பூரா சிரிச்சிருப்பேன்டா. அவளும் உன் பக்கத்துலயே உக்காந்து சிரிச்சிருப்பா."

பிறகு கையை நீட்டினார். நான் அவர் தோணிக்கு மாறினேன்.

அப்பா